ரயில் போன பிறகு மிஞ்சுவது

தாணேயிலோ செம்பூரிலோ ஒரு தமிழ் வீடு. இரவுச் சாப்பாடு முடிந்து, அறுபதைத் தாண்டிய ஒருவர் டிவி முன்னால் உட்கார்ந்து சேனல் சேனலாக மாற்றிக்கொண்டே போகிறார். ஒரு சேனலில் பழைய இந்திப் படம் ஓடுகிறது. மழையில் நனைந்த ரயில் நிலையம். பெட்டியின் ஜன்னலோரம் ஸ்ரீதேவி. நடைமேடையில் சேறும் காயமுமாக நொண்டியபடி கமல்ஹாசன். ரிமோட்டின் மேல் இருந்த விரல் நின்றுவிடுகிறது. அடுத்த சில நிமிடம் அவர் யாரோடும் பேசுவதில்லை.

‘சத்மா’வின் கடைசிக் காட்சி அது. தமிழில் ‘மூன்றாம் பிறை’. படம் வந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. முடிவு என்ன என்பது அவருக்குத் தெரியும். எல்லாம் நடிப்பு, ஜன்னலோரம் இருந்தவர் பின்னாளில் இந்தி சினிமாவின் முதல் வரிசை நட்சத்திரமாகி 2018ல் காலமானவர், இதுவும் தெரியும். படத்தின் நடுப்பகுதியை வரிசையாகச் சொல்லச் சொன்னால் தடுமாறுவார். ஆனாலும் அந்த நடைமேடை வந்தால் தொண்டை அடைக்கிறது.

பொய் என்று தெரிந்த ஒன்றுக்கு உடம்பு ஏன் அழுகிறது? அழுவதற்கென்றே ஏன் காசு கொடுத்துப் போய் உட்காருகிறோம்? கதை பாதி மறந்த பிறகும் அந்தக் கலக்கம் மட்டும் எப்படிக் குறையாமல் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடைதான் எல்லாவற்றிலும் வியப்பானது. அது சினிமாவோடு நிற்பதில்லை, வீட்டுக்குள்ளும் வருகிறது.

ஒரே காட்சி, இரண்டு மொழி

1982 பிப்ரவரியில் வெளியான ‘மூன்றாம் பிறை’யை எழுதி, இயக்கி, ஒளிப்பதிவும் செய்தவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். 1980ல் நடிகை ஷோபாவை இழந்த வலியிலிருந்துதான் இந்தப் படம் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். கண்ணதாசன் எழுதிய கடைசித் திரைப்பாடல் இதில் இருக்கிறது. படம் திரைக்கு வருவதற்கு நான்கு மாதம் முன்பே கவிஞர் மறைந்துவிட்டார். கமலுக்குச் சிறந்த நடிகர், பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளர் என இரண்டு தேசிய விருதுகள் கிடைத்தன. மறு ஆண்டே அதே இயக்குநர், அதே ஜோடி, அதே முடிவோடு இந்தியில் ‘சத்மா’ வந்தது.

பம்பாய்த் தமிழர்களுக்கு இது வேறு யாருக்கும் எளிதில் வாய்க்காத அனுபவம். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளின் அரோரா தியேட்டரில் தமிழ்ப் படமும், ஊரெங்கும் ஓடும் இந்திப் படமுமாக வளர்ந்த தலைமுறை அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் தெருமொழி. ஒரே துயரத்தை இரண்டு மொழியில் பார்த்தவர்கள் அவர்கள்.

கதை எளியது. விபத்தில் தலையில் அடிபட்ட இளம்பெண் ஒருத்தி நினைவிழந்து குழந்தையின் மனநிலைக்குப் போய்விடுகிறாள். பாலியல் விடுதியில் விற்கப்பட்ட அவளைப் பள்ளி ஆசிரியரான சீனு மீட்டு, உதகைக்குப் பக்கத்தில் கேத்தியில் தன் வீட்டில் வைத்து, பிள்ளையை வளர்ப்பதுபோல் வளர்க்கிறான். அங்கே அவள் விஜி. வைத்தியத்தில் ஒருநாள் அவளுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. திரும்பிய அந்தக் கணத்தில் கேத்தியில் கழிந்த நாட்கள் மொத்தமும் அழிந்துபோகின்றன.

பெற்றோர் அவளை ரயிலில் ஏற்றுகிறார்கள். சீனு விழுந்து அடிபட்டு, காலை இழுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்து சேர்கிறான். கூப்பிடுகிறான். அவள் பார்க்கிறாள், தெரியவில்லை. முன்பு அவளைச் சிரிக்கவைத்த குரங்காட்டி வேடிக்கையைச் செய்து காட்டுகிறான். அவள் கண்ணுக்கு அவன் ஒரு பைத்தியக்காரன், பசிக்குக் கையேந்துகிறவன். ரயில் நகர்கிறது. கூடவே ஓடுகிறான், கம்பத்தில் மோதி விழுகிறான். ரயில் போய்விடுகிறது.

இந்தச் சில நிமிடங்களுக்குள் பார்ப்பவரின் உடம்பில் என்னவெல்லாம் நடக்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தொண்டை ஏன் அடைக்கிறது?

முதலில் கண்ணீர் வருவதில்லை; தொண்டைதான் அடைக்கிறது. துயரமோ அச்சமோ தாக்கும்போது, நாம் கேட்காமலே இயங்கும் தன்னியக்க நரம்பு மண்டலம், உடம்புக்குக் கூடுதல் காற்று வேண்டியிருக்கும் என்று முடிவுசெய்து குரல்வளையின் வாயை அகலத் திறந்துவைக்கிறது. எச்சில் விழுங்க வேண்டுமானால் அந்த வாய் மூட வேண்டும். திறக்கச் சொல்லும் நரம்பும் மூடப் பார்க்கும் தசையும் ஒன்றை ஒன்று எதிர்த்து இழுக்கின்றன. அந்த இழுபறியைத்தான் ‘தொண்டையில் ஏதோ உருண்டை’ என்று உணர்கிறோம்.

அடுத்தது கண்ணீர். வெங்காயம் நறுக்கும்போது வருவதும் படம் பார்த்து வருவதும் ஒன்றல்ல என்று 1981ல் காட்டினார் அமெரிக்க உயிர்வேதியியலாளர் வில்லியம் ஃபிரே. சோகப் படம் போட்டுக் காட்டியே கண்ணீரைச் சேகரித்தார். அழுகைக் கண்ணீரில் புரதம் கூடுதலாக இருந்தது. மன அழுத்தத்தின் கழிவை உடம்பு கண்ணீரோடு வெளியேற்றுகிறது என்றும் அவர் கருதினார். அந்தப் பகுதி இன்றுவரை உறுதிப்படவில்லை.

சரி, அடி விழுந்தது சீனுவுக்கு. நமக்கு ஏன் வலிக்க வேண்டும்? 2004ல் டானியா சிங்கர் என்ற ஆய்வாளர், தம்பதியரை வைத்து ஒரு சோதனை செய்தார். மனைவியை மூளைப் படக் கருவிக்குள் படுக்கவைத்து, அவர் கையிலும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரின் கையிலும் மாறி மாறி லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார். கணவருக்கு அதிர்ச்சி விழுந்தபோது, ‘எந்த இடத்தில், எவ்வளவு’ என்று வலியை அளக்கும் பகுதிகள் மனைவியின் மூளையில் சும்மா இருந்தன. ‘ஐயோ’ என்று வலியின் துன்பத்தை உணரும் பகுதிகள் மட்டும், தனக்கே வலித்ததுபோல் விழித்துக்கொண்டன. வலியின் இடம் பகிரப்படுவதில்லை, துன்பம் பகிரப்படுகிறது. சீனு கம்பத்தில் மோதும்போது நம் நெற்றியில் ஒன்றுமில்லை. ஆனால் முகம் சுளிக்கிறோம்.

இது கதை என்று அறிவு சொல்லத்தான் செய்கிறது. ஆனால் முகத்தையும் குரலையும் கண்டு துணுக்குறும் பகுதிகள் அந்த அறிவிப்புக்காகக் காத்திருப்பதில்லை. மனித வரலாற்றின் பெரும்பகுதியில், கண்முன் அழுத முகம் எப்போதுமே உண்மையான முகமாகத்தான் இருந்தது. சினிமா வந்து நூற்று முப்பது ஆண்டுதான் ஆகிறது.

கூப்பிட்டும் திரும்பாத முகம்

எந்தக் காட்சி மனிதரை மிகவும் அழவைக்கும்? ஆய்வகத்தில் துயரத்தை வரவழைக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரு உளவியலாளர்கள் திரைப்படத் துண்டுகளை 494 பேருக்குப் போட்டுக் காட்டி, 1995ல் முடிவை வெளியிட்டார்கள். துயரத்தைத் துல்லியமாகக் கிளப்புவதில் முதலிடம் பிடித்தது ‘தி சாம்ப்’ என்ற 1979ஆம் ஆண்டுப் படத்தின் முடிவு: குத்துச்சண்டை வீரரான அப்பா இறந்து கிடக்கிறார், சின்னப் பையன் அவரை எழுப்பப் பார்க்கிறான். நீளம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அடுத்து நின்றது வால்ட் டிஸ்னியின் ‘பாம்பி’யில் மான்குட்டி தன் தாயை இழக்கும் இடம். உலகெங்கும் எத்தனையோ ஆய்வகங்கள் இன்றும் இந்தத் துண்டுகளைப் பயன்படுத்துகின்றன.

இந்த இரண்டையும் கேத்தி நடைமேடையோடு வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. மூன்றிலும் ஒருவர் கூப்பிடுகிறார். கூப்பிடப்பட்டவரிடமிருந்து பதில் இல்லை. சாவைவிட, ரத்தத்தைவிட, பதில் வராத அழைப்புதான் ஆழமாகக் குத்துகிறது.

அதற்கு மிகப் பழைய காரணம் உண்டு. பாலூட்டிகளின் குட்டியும் பறவையின் குஞ்சும் தாயைப் பிரிந்தால் ஒரு தனிக் குரலில் கத்தும். ஜாக் பாங்க்செப் என்ற நரம்பியலாளர் 1970களின் இறுதியில், தனியே விடப்பட்ட நாய்க்குட்டிகளுக்கு மிகச் சிறிய அளவு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார். கத்தல் அடங்கியது. உடல்வலியைத் தணிக்கும் மருந்தே பிரிவின் வலியையும் தணித்தது. பிரிவுக்கென்று மூளை புதிதாக ஒரு பாதை போட்டுக்கொள்ளவில்லை. ஏற்கெனவே இருந்த வலிப்பாதையையே பயன்படுத்திக்கொண்டது என்பது பாங்க்செப் வகுத்த கருத்து.

இரண்டாவது காரணம், திட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை. விஜி மீது குற்றமில்லை, அவளுக்குத் தெரியாது. மகளைத் தேடி வந்த பெற்றோர் செய்ததும் சரிதான். குணப்படுத்திய வைத்தியரையும் குறை சொல்ல முடியாது. இழப்புக்கு ஒரு குற்றவாளி கிடைத்தால் மனம் கோபத்தின் பக்கம் சாய்ந்துவிடும், நிலைமைதான் காரணம் என்றால் துயரத்தில் தங்கும் என்கின்றன உளவியல் ஆய்வுகள். வில்லன் அடிவாங்கினால் கோபம் தீர்ந்துபோகும். வில்லனே இல்லாத படத்தில் தீர்த்துக்கொள்ள வழி இல்லை. தாராவியைக் களமாகக் கொண்ட ‘நாயகன்’ (1987) படத்திலும், சுட்டவர்களையெல்லாம் மறந்துபோனவர்களுக்கு மகனின் உடலைப் பார்த்து வேலு நாயக்கர் உடைந்து அழும் இடம் மட்டும் நிற்கிறது. அந்தச் சாவுக்கு அவர் வேறு யாரை நோவார்?

தொல்காப்பியர் இதைத் தம் வழியில் பிரித்துவைத்திருக்கிறார். எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று அழுகை. அதற்கு அவர் சொல்லும் நிலைக்களன்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழும்படி ஆவது, வேண்டியதை இழப்பது, முன்னிருந்த நிலை கெடுவது, இல்லாமையில் வாடுவது. நடைமேடையில் குரங்காட்டம் ஆடுகிறவனிடம் நான்குமே இருக்கின்றன. இது தற்செயலாகப் பொருந்தியது என்று ஒதுக்கிவிட முடியாது. நாடகத்தையும் கூத்தையும் கூர்ந்து பார்த்தவர்கள் வகுத்த இலக்கணம் அது.

மூளை எதைச் சேமிக்கிறது?

அழுதது அன்றோடு போயிருக்கலாமே, ஏன் தங்குகிறது?

இதற்கு இரண்டு உறுப்புகளை அறிந்துகொண்டால் போதும். இரண்டும் காதுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று ஹிப்போகாம்பஸ், வடிவத்தைக் கொண்டு ‘கடற்குதிரைப் பகுதி’ எனலாம். எங்கே, எப்போது, என்ன நடந்தது என்பதைப் பதிவது அதன் வேலை. மற்றது அமிக்டலா, பாதாம்பருப்பு வடிவில் இருப்பதால் ‘வாதுமைக் கரு’. நடப்பது நமக்கு எவ்வளவு முக்கியம், அஞ்சத் தக்கதா, இரங்கத் தக்கதா என்று எடைபோடுவது அது.

1994ல் லாரி கேஹில், ஜேம்ஸ் மெக்கா குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். தாயோடு நடந்துபோகும் சிறுவன் கார் மோதிப் படுகாயமடையும் கதையைப் படங்களோடு சிலருக்குக் காட்டினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு முன்கூட்டியே பிராப்ரனலால் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ரத்த அழுத்தத்துக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் அதே மாத்திரைதான். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலினின் வேலையைத் தடுப்பது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மாத்திரை போடாதவர்கள் விபத்துப் பகுதியை மிக நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். மாத்திரை போட்டவர்களுக்குக் கதையின் சாதாரணப் பகுதி குறைவில்லாமல் நினைவிருந்தது; விபத்துப் பகுதிக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் பதிவு மட்டும் கிடைக்கவில்லை.

நெஞ்சு படபடத்ததுதான் காட்சியைப் பதியவைத்தது என்று இதிலிருந்து தெரிந்தது. இரண்டு ஆண்டு கழித்து, கேஹில் இதையே திரைப்படத் துண்டுகளை வைத்து மூளைப் படத்தில் காட்டினார். உணர்ச்சிமிக்க காட்சிகளைப் பார்த்தபோது வாதுமைக் கரு யாருக்கு அதிகம் இயங்கியதோ, அவர்களே மூன்று வாரம் கழித்து அந்தக் காட்சிகளை அதிகம் நினைவுகூர்ந்தார்கள். சாதாரணக் காட்சிகளுக்கு அப்படி ஒரு தொடர்பு இல்லை. படிக்கும்போது முக்கியமான வரிக்குக் கீழே மாணவர் பென்சிலால் கோடு போடுவதைப்போல, வாதுமைக் கரு கடற்குதிரைப் பகுதிக்குக் கோடு போட்டுக் கொடுக்கிறது.

சரி, இரண்டரை மணி நேரப் படத்தில் கோடு விழுவது ஏன் கடைசி ஐந்து நிமிடத்துக்கு? இதற்கும் படங்களைக் காட்டியே விடை தேடினார்கள், பார்பரா ஃபிரெட்ரிக்சனும் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமனும். 1993ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், இனிமையும் கொடுமையுமான காட்சித் துண்டுகளை நீளம் கூட்டியும் குறைத்தும் காட்டினார்கள். பிறகு ‘மொத்தத்தில் எப்படி இருந்தது?’ என்று கேட்டால், எவ்வளவு நேரம் ஓடியது என்பது தீர்ப்பை அநேகமாகப் பாதிக்கவே இல்லை. உணர்ச்சி உச்சம் தொட்ட கணமும் முடிந்த விதமும் சேர்ந்துதான் தீர்ப்பை எழுதின. ‘மூன்றாம் பிறை’யில் உச்சமும் முடிவும் ஒரே இடம். அதனால்தான் நடுவில் வரும் கேத்தி நாட்கள் மங்கிப்போனவருக்கும் நடைமேடை மங்குவதில்லை. பாலு மகேந்திராவிடம் உதவி இயக்குநராக இருந்த பாலா ‘சேது’வை (1999) முடித்த விதத்திலும், பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ (2004) முடிந்த விதத்திலும் இதே கணக்கைப் பார்க்கலாம். ‘காதல்’ நடைமேடைக் காட்சியை அப்படியே திருப்பிப்போட்டதுபோல் இருக்கும்: அங்கே அவளுக்கு அவனைத் தெரிகிறது, அவன்தான் சித்தம் கலங்கிக் கிடக்கிறான்.

காசு கொடுத்து ஏன் அழுகிறோம்?

‘பாசமலர்’ (1961), ‘துலாபாரம்’ (1969) என்று தமிழில் அழுகைக்கென்றே பேர்போன படங்களுக்குத் தட்டுப்பாடே கிடையாது. மும்பைத் தமிழர்களுக்குப் பக்கத்து வீட்டு மொழியான மராத்தியில் ஆச்சார்ய அத்ரே இயக்கிய ‘ஷ்யாம்ச்சி ஆயி’ (1953), ஏழைத் தாய் ஒருத்தியின் கதை. சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தை முதல்முதலில் வாங்கியது அதுதான். துயரத்தை விரும்பிப் போய்ப் பார்ப்பது எல்லா ஊரிலும் உண்டு.

விரும்புவது துயரத்தையா என்று ஜெர்மனியில் ஜூலியன் ஹானிச், வின்ஃபிரீட் மென்னிங்ஹவுஸ் முதலியோர் ஆராய்ந்தார்கள். 2014ல் வந்த அவர்களுடைய முடிவு தெளிவானது. ஒரு காட்சி எவ்வளவு சோகமாக இருக்கிறதோ அவ்வளவு பிடிக்கிறது என்பது வெளிப்பார்வைக்கு உண்மை. ஆனால் நடுவில் ஒன்று இருக்கிறது: நெகிழ்ச்சி. சோகம் நெகிழவைக்கிறது, நெகிழ்ச்சி பிடித்துப்போகிறது. நெகிழ்ச்சியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் சோகத்துக்கும் பிடித்தத்துக்கும் நேரடித் தொடர்பு அநேகமாக மிஞ்சவில்லை. சீனு அவமானப்படுவதைப் பார்க்கவா போகிறோம்? அவன் அவள்மேல் வைத்த அன்பு எவ்வளவு பெரியது என்பதை அந்த அவமானம் காட்டிவிடுகிறது. அதைப் பார்க்கத்தான் போகிறோம்.

அழுதால் மனம் லேசாகிவிடும் என்பது பாதி உண்மை. நெதர்லாந்தில் ஆஸ்மிர் கிராச்சனின், ஆட் ஃபிங்கர்ஹூட்ஸ் குழுவினர், ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’, இறந்த எஜமானருக்காக ரயில் நிலையத்தில் காத்துக்கிடக்கும் நாயின் கதையான ‘ஹாச்சி’ ஆகிய இரண்டையும் 60 பேருக்குக் காட்டினார்கள். 28 பேர் அழுதார்கள், 32 பேர் அழவில்லை. படம் முடிந்த கையோடு அழுதவர்களின் மனநிலை மோசமாகியிருந்தது. இருபது நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. தொண்ணூறு நிமிடத்தில், படம் பார்ப்பதற்கு முன் இருந்ததையும்விட மேலானது. அழாதவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. தியேட்டரை விட்டு வெளியே வந்து, பஸ்ஸோ ரயிலோ பிடித்து, வீடு போய்ச் சேரும் நேரம் அது.

பக்கத்து இருக்கைக்காரர்களும் கணக்கில் வருகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் 2016ல் வெளியிட்ட ஆய்வில், வீடற்ற ஒருவரின் துயரக் கதையைக் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தவர்களை, படத்துக்கு முன்னும் பின்னும் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் அமர்ந்ததுபோல் நிற்கச் சொன்னார்கள். தொடை கடுக்கக் கடுக்க எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதே சோதனை. படத்துக்குப் பின் கூடுதல் நேரம் தாங்கினார்கள். கூடவே உட்கார்ந்திருந்தவர்களோடு நெருக்கம் கூடியதாகவும் சொன்னார்கள். தகவல் படம் பார்த்த இன்னொரு கூட்டத்தாரிடம் இந்த இரண்டு மாற்றமும் இல்லை. மூளை தானே சுரக்கும் மார்ஃபின் போன்ற எண்டார்ஃபின்தான் காரணம் என்கிறார் டன்பார். பாங்க்செப்பின் நாய்க்குட்டிகளை அமைதிப்படுத்திய அதே வகைப் பொருள். பிரிவைப் பார்த்து வலிக்கிறது. வலிக்கு உடம்பே மருந்து சுரக்கிறது. மருந்து பக்கத்தில் இருப்பவர்களோடு ஒட்டவைக்கிறது.

சொந்த ஊரைவிட்டு வந்து, ‘சால்’ குடியிருப்பில் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்திய மக்களுக்கு மாட்டுங்காத் தியேட்டர் ஏன் அத்தனை வேண்டியிருந்தது என்பதற்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. மொழி மட்டும் அவர்களை அங்கே கூட்டவில்லை. சேர்ந்து அழுவதற்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது.

உடற்கூறே எல்லாவற்றையும் முடிவுசெய்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘மூன்றாம் பிறை’ தமிழ்நாட்டில் வெள்ளிவிழாக் கண்டது. ‘சத்மா’ வெளியானபோது வசூலில் தோற்றது. பிறகு தொலைக்காட்சி வழியாகத்தான் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அதே கண், அதே மழை, அதே நடைமேடைதான்.

அழுகை எல்லோருக்கும் மருந்து அல்ல. ஜொனாதன் ராட்டன்பெர்க் குழுவினர், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அழுகை அனுபவங்களைத் தொகுத்து 2008ல் எழுதினார்கள். பெரும்பாலோருக்கு அழுத பின் மனம் தேறியது. மூன்றில் ஒருவருக்கு ஒரு மாற்றமும் இல்லை. பத்தில் ஒருவருக்கு இன்னும் மோசமானது. ஆறுதல் சொல்ல ஆள் இருந்தவர்களே அதிகம் தேறினார்கள். ஏற்கெனவே மனச்சோர்வில் இருப்பவரிடம் ‘ஒரு சோகப் படம் பார்த்து அழுது தீர்த்துவிடு’ என்று சொல்வது நல்ல யோசனை அல்ல.

விஜிக்கு ஒன்றுமே மிஞ்சவில்லையா?

படம் பார்த்தவர்கள் இன்றும் கேட்பது ஒன்று உண்டு. அத்தனை நாள் அன்பு காட்டியவனைப் பார்த்து அவளுக்குள் ஒன்றுமே அசையவில்லையா?

முதலில், விஜிக்கு வந்ததுபோன்ற மறதி சினிமாவில்தான் வரும். தலையில் அடிபட்டவர் குழந்தையாகிவிடுவதும், ஒரே நாளில் எல்லாம் திரும்புவதும் மருத்துவமனைகளில் காணக் கிடைப்பதில்லை. சாலி பாக்சன்டேல் என்ற நரம்பு உளவியலாளர், 2004ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் திரைப்பட மறதிகளை வரிசையாக ஆராய்ந்து, பெரும்பாலானவற்றுக்கும் உண்மை நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதினார். விதிவிலக்காக அவர் பாராட்டியவற்றில் ‘மெமன்ட்டோ’வும், ‘ஃபைண்டிங் நீமோ’வில் வரும் மறதிக்கார மீனும் உண்டு.

உண்மையான மறதிநோய், பெரும்பாலும், பழையதை விட்டுவைத்துப் புதியதைப் பதியவிடாமல் செய்யும். கடற்குதிரைப் பகுதி கெட்டுப்போனால் அப்படித்தான். ஐந்து நிமிடம் முன்பு வந்து பேசிவிட்டுப் போனவர் மறுபடி வந்தால் புதியவராகவே தெரிவார்.

சுவிட்சர்லாந்து மருத்துவர் எடுவார் கிளாப்பரேட் 1911ல் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அவரிடம் இப்படிப்பட்ட ஒரு பெண் நோயாளி இருந்தார். டாக்டரையே தினமும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டும். ஒருநாள் கிளாப்பரேட் விரலிடுக்கில் குண்டூசியை மறைத்துக்கொண்டு அவரோடு கைகுலுக்கினார். குத்தியது. சற்று நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு அது மறந்துவிட்டது. அடுத்த முறை கை நீட்டியபோது அவர் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. ஊசி குத்திய நிகழ்ச்சி போய்விட்டது, அச்சம் போகவில்லை.

துயரத்துக்கும் இது பொருந்துமா? அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன், மெலிசா டஃப், டேனியல் டிரானல் மூவரும் இதைச் சோதித்து 2010ல் வெளியிட்டார்கள். கடற்குதிரைப் பகுதி பழுதான ஐந்து நோயாளிகள். அவர்களுக்குச் சோகப் படத் துண்டுகளைத் தொடர்ந்து சுமார் இருபது நிமிடம் காட்டினார்கள். அழுதார்கள். சில நிமிடம் கழித்து, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் அநேகமாக ஒன்றும் நினைவில்லை. ஆனால் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், சோகமாக இருக்கிறது என்றார்கள். கதை போய்விட்டது, கலக்கம் தங்கிவிட்டது.

2014ல் எட்மாரி குஸ்மான்-வேலஸ் தலைமையில் அதே குழு, அல்சைமர் நோயாளிகள் 17 பேரிடம் இதைச் செய்து பார்த்தது. சோகம் அரைமணி நேரம் வரை நீடித்தது. அதைவிட முக்கியமானது, யாருக்குப் படம் மிகக் குறைவாக நினைவிருந்ததோ, அவர்களிடம்தான் சோகம் அதிக நேரம் தங்கியது. காரணம் தெரிந்தவர் ‘அது வெறும் படம்தானே’ என்று தேற்றிக்கொள்ளலாம். காரணம் மறந்தவருக்குத் தேற்றிக்கொள்ள வழி இல்லை. மனம் கனக்கிறது, ஏன் என்று தெரியவில்லை.

ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த விஜிக்கு இதை அப்படியே பொருத்திச் சொல்ல முடியாது. அவளுடைய நோய் கதாசிரியர் படைத்தது. இருந்தாலும் இந்த ஆய்வுகளைப் படித்தவர்கள், அவள் மனதில் ஒன்றுமே மிஞ்சியிருக்காது என்று உறுதியாகச் சொல்லத் தயங்குவார்கள். மறதியின் இருபுறமும் அறிவியல் பார்த்தது ஒன்றையே: என்ன நடந்தது என்பதும், அது என்ன செய்தது என்பதும் மூளையில் ஒரே இடத்தில் கட்டிவைக்கப்படவில்லை. ஒன்று போனாலும் மற்றது நிற்கும். டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவருக்குப் படத்தின் கதை தேய்ந்து தொண்டை அடைப்பது மட்டும் தேயாமல் இருப்பதற்கும் வேர் இதுதான்.

ஐயோவா ஆய்வு முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் சினிமா ரசிகர்கள் அல்ல. மறதிநோய் வந்த பெரியவர்கள் இருக்கும் வீடுகள்தான். மும்பையின் அடுக்குமாடிகளில் இப்போது அப்படிப்பட்ட வீடுகள் குறைவில்லை. ‘போய்ப் பார்த்தால் மட்டும் என்ன, அடுத்த நிமிடம் மறந்துவிடுவாரே’ என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்கிறோம். ‘திட்டினால்தான் என்ன, நினைவா இருக்கப்போகிறது’ என்று எரிச்சலில் பேசுவதையும் கேட்கிறோம். இரண்டும் தவறு. நீங்கள் வந்துபோனது அவருக்கு மறந்துவிடும்; வந்ததால் ஏற்பட்ட நிம்மதி அதன் பிறகும் சற்று நேரம் இருக்கும். அதட்டியது மறந்துவிடும், ஏன் என்றே தெரியாத ஒரு துக்கத்தோடு அவர் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பெயரை மறந்துவிட்டார் என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய், பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு வாருங்கள்.